அம்மாவின் தையல் மெஷின் ஓய்ந்துவிட்டது, பதிலுக்கு எது வாங்கலாம்?

2025 டிசம்பர் 2, ராமமூர்த்தி நகர் வாசகர் கேட்டது

அம்மாவின் கறுப்பு மிதி மெஷின் 1996-இல் திருப்பத்தூரில் வாங்கியது. எங்களோடு லாரியில் பெங்களூருக்கு வந்தது. இப்போது தையல் விட்டுவிட்டு விழுகிறது, சத்தமும் கூடிவிட்டது. அம்மாவுக்கு 59 வயது. அக்கம்பக்கத்தாருக்கு பிளவுஸ் தைத்துக்கொடுக்கிறார். பொங்கலுக்குள் புதிது வாங்கித்தர நினைக்கிறேன். 21 டிசைன் போடும் ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கையில் 16,000 ரூபாய் இருக்கிறது. வாங்கலாமா? பழையதைக் காயலான் கடையில் போட்டால் எவ்வளவு கிடைக்கும்?

டிசம்பர் 2, இரவு

காயலான் கடை என்ற சொல்லை அம்மா காதில் விழும்படி சொல்லிவிடாதே தம்பி. அன்றைக்குச் சோறு கிடைக்காது.

ஹலசூரில் முப்பது வருடமாகத் தைக்கிறேன். 'மெஷின் போய்விட்டது' என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்குப் போயிருப்பது ஊசிதான். எனவே முதலில் ஊசியை மாற்று. 14-ஆம் எண் போதும். மாற்றிய பிறகும் தையல் விட்டால் மேலே படி.

கைச் சக்கரத்தைச் சுற்றி ஊசித் தண்டைக் கீழே இறக்கு. இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார். மயிரிழை ஆடினால் பரவாயில்லை. கடகடவென்று ஆடினால் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் வளையம் தேய்ந்துவிட்டது. அடுத்து ஊசித் தகட்டைக் கழற்றித் துணியைத் தள்ளும் பல்லைத் தடவிப் பார். ரம்பம்போல் விரலில் குத்த வேண்டும், கூழாங்கல்போல் வழுக்கக் கூடாது. கடைசியாக, அடியில் நூலைப் பிடித்துப் பின்னும் ஷட்டிலின் முனையை நகத்தால் உரசு. முனை மழுங்கியிருந்தால் நூலைப் பிடிக்காது, சிலும்பியிருந்தால் நூலை அறுக்கும்.

பல்லும் ஷட்டிலும் சில நூறு ரூபாயில் மாற்றிவிடக்கூடியவை. தண்டோ மேல் ஷாஃப்ட்டோ ஆடினால்தான் புதிது வாங்கும் பேச்சு.

அதற்கெல்லாம் முன்னால், அம்மாவிடம் கேட்டாயா?

டிசம்பர் 3, காலை

ஊசியை எப்படி மாட்டுவது என்று சொல்ல மறந்தேன். ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பு நீளத்துக்கு ஒரு காடி ஓடும். காடி இருக்கும் பக்கத்திலிருந்து நூலைக் கோக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எவ்வளவு விலையுயர்ந்த மெஷினும் தையலை விடும். பிறகு மெஷினைத் திட்டுவோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஊசி முழுக்க உருண்டையாக, தட்டைப் பக்கமே இல்லாமல் இருந்தால் அது தொழிற்சாலை மெஷின் ஊசி. கடைப் பையன் மாற்றிக் கொடுத்திருப்பான். திருப்பிக் கொடுத்துவிடு.

டிசம்பர் 5

தம்பி பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: ஊசித் தண்டு ஆடுகிறது, பல் வழவழப்பு, சக்கரத்தைச் சுற்றினால் நடுவில் ஓரிடத்தில் இறுகுகிறது.

அந்த இறுக்கம்தான் என்னைக் கேட்க வைத்தது: என்ன எண்ணெய் விடுகிறார்கள்? பதில்: 'தீர்ந்துபோனால் தேங்காய் எண்ணெய்.'

இந்த ஊரில் தேங்காய் எண்ணெயா! டிசம்பரில் குளியலறைப் பாட்டிலே கட்டியாகி நிற்கிறது. மெஷின் வயிற்றுக்குள் மட்டும் உருகியா ஓடும்? அதைவிட, நாளாக நாளாகப் பிசுபிசுத்து, நூல் தூசியைச் சேர்த்துக்கொண்டு மஞ்சள் மெழுகாகிவிடும். ஒருமுறை பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் மெஷினைப் பிரித்துப் பார்த்தேன். ஷட்டில் ஓடும் தடம் முழுக்க ஆறிப்போன நெய்ச்சோறுபோல் அப்பிக் கிடந்தது. தீக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டு, ஒரு இரவு ஊறவைத்து, காலையில் துடைத்து மெஷின் எண்ணெய் விட்டேன். புதிதுபோல் ஓடியது. அவள் அதற்குள் புது மெஷினுக்கு முன்பணம் கொடுத்திருந்தாள்.

இறுக்கம் தீரலாம் தம்பி. ஆனால் தண்டு ஆட்டம் தீராது. அதற்குச் செலவு செய்யாதே என்றுதான் சொல்வேன்.

டிசம்பர் 7

21 டிசைன் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் 2014-இல் எனக்கு அப்படி ஒன்று வாங்கித் தந்தாள். அதில் இருந்த தையல்கள் 24. பதினோரு வருடத்தில் நான் போட்டவை: நேர்த்தையல், ஜிக்ஜாக், பொத்தான் துளைக்கான காஜா. மூன்று. வாத்து வரிசையாகப் போவதுபோல் ஒரு தையல் உண்டு. அதைப் பேரனின் தலையணை உறையில் ஒரே ஒருமுறை போட்டேன். வாத்துகள் தலைகீழாகப் போயின.

சட்டைக்காரர்களுக்குக் காஜா முக்கியம், புரிகிறது. பிளவுஸுக்குக் கொக்கிதான், அதைக் கையால்தான் தைக்கிறோம். பிளவுஸ் தைக்கும் பெண்ணுக்கு நேர்த்தையலில் ஊசி நுனிபோல் கச்சிதம் வேண்டும். கை அக்குள் இணையும் இடத்தில் துணி, லைனிங், மடிப்பு என்று ஆறேழு அடுக்கு சேரும். அங்கே திணறாமல் ஏற வேண்டும். இந்த இரண்டுக்கும் கறுப்பு மெஷினுக்கு ஈடில்லை.

எனவே என் தீர்ப்பு: அதே ஸ்டாண்டு, அதே மிதி. மேலே கறுப்புத் தலையை மட்டும் புதிதாக வாங்கி மாட்டு. பலகையில் இருக்கும் கீல் துளைகள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். பக்கத்தில் சின்ன மோட்டார் பொருத்திக்கொள். மீதிப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல். முடிந்தது.

டிசம்பர் 7, சற்று நேரம் கழித்து

'எல்லாவற்றுக்கும் 14 ஊசியா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்படி எழுதியது என் சோம்பல். பருத்திக்கு 14. பட்டு, ஷிஃபான் போன்றவற்றுக்கு 11, இன்னும் மெல்லியதானால் 9. ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ஊசி அதன் இழையை அறுத்துவிடும், இரண்டு துவைப்பில் ஓட்டை தெரியும்.

டிசம்பர் 10

ஊருக்கு உபதேசம் செய்கிறவள் கடைக்குப் போய்ப் பல வருடம் ஆயிற்றே என்று தோன்றியது. என் கறுப்பு மெஷினின் ஷட்டில் தடமும் தேய்ந்துதான் இருக்கிறது. மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், மாறி, அடுத்த நிறுத்தம் சிக்பேட்டையில் இறங்கினேன்.

முதல் கடையில் கன்னடம் பேசி மாட்டிக்கொண்டேன். 'ஹொலிகெ' என்றால் தையல். 'ஹோளிகெ' என்றால் போளி, ஒப்பட்டு என்றும் சொல்வார்கள். முப்பது வருடம் இங்கே இருந்தும் என் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. கடைக்காரர் சிரிக்காமல், 'ஒப்பட்டு தட்டும் மெஷினுக்கு வேறு தெரு அம்மா' என்றார்.

வீட்டிலிருந்து நான்கு துண்டுத் துணி எடுத்துப் போயிருந்தேன்: ஷிஃபான், லைனிங் வைத்த பட்டு, பழைய ஜீன்ஸ் கால் மடிப்பு, பனியன். கடைக்காரர்கள் தைத்துக் காட்டுவது கஞ்சி போட்ட பருத்தித் துணியில். அதில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். நம் துணியைக் கொடுத்தால்தான் முகம் மாறும். ஒரு மெஷின் ஜீன்ஸ் மடிப்பில் ஏறி, நின்று, உறுமியது. இன்னொன்று ஷிஃபானைத் தொட்டவுடன் பல்லுக்கு நடுவே விழுங்கிவிட்டது. நூல் கோக்காமல் கோடில்லாத தாளில் ஓட்டிப் பாருங்கள். துளைகள் நேர்வரிசையில் விழுகின்றனவா, இடைவெளி ஒரே அளவா என்று தெரிந்துவிடும்.

எனக்குச் சொன்ன விலை: கறுப்புத் தலை மட்டும் 5,000-க்குச் சற்று மேல். ஸ்டாண்டோடு 8,000 பக்கம். வெள்ளை ஜிக்ஜாக் மெஷின் 11,000-லிருந்து 14,000. செப்டம்பர் 22 முதல் தையல் மெஷினுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. ஒரு கடையில் பழைய விலைச்சீட்டை வைத்தே பேசினார்கள். கேட்ட பிறகுதான் கால்குலேட்டரை எடுத்தார்கள். கேளுங்கள்.

எல்லாக் கடையிலும் நான் கேட்ட ஒரே கேள்வி: கெட்டுப்போனால் யார் வருவார்கள்? 'சர்வீஸ் எண்ணுக்கு அழையுங்கள்' என்பது பதிலாகாது. எங்கள் பஜார் தெருவில் ஒரு பாய் இருக்கிறார். கறுப்பு மெஷினைக் காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்வார். வெள்ளை மெஷினைப் பார்த்தால், 'இதற்குள் பிளாஸ்டிக் பல் சக்கரம் இருக்கும் அக்கா, நான் தொடமாட்டேன்' என்பார். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எந்த மெஷினைத் திறக்கத் தெரிந்தவர் இருக்கிறாரோ, அந்த மெஷினுக்கு என் கணக்கில் பத்து மதிப்பெண் கூடுதல்.

டிசம்பர் 11

ஹெப்பாள் வாசகர், 'நேரடியாகத் தொழிற்சாலை மெஷினே வாங்கிவிட்டால் என்ன? ஜூக்கி, ஜாக் எல்லாம் பழையது மலிவாகக் கிடைக்கிறதே' என்கிறார். பீன்யா, பொம்மனஹள்ளி பக்கம் கார்மென்ட்ஸ் ஆலைகள் கழித்துக்கட்டிய மெஷின்கள் கைமாறுவது உண்மை.

வேண்டாம். தலை மட்டும் 25 கிலோவுக்கு மேல். மேஜை நான்கடி நீளம். நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடக்கூடியது, வீட்டு மெஷின் ஆயிரத்தைத் தாண்டுவதே அபூர்வம். ஒரு பிளவுஸின் கழுத்து வளைவில் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் 2019-இல் ஒன்று வாங்கினேன். மோட்டார் சுவிட்சைப் போட்டவுடன் ஓட ஆரம்பிக்கும், நான் தைத்தாலும் தைக்காவிட்டாலும். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. மூன்றாவது நாள் கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்து, 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்றார், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று. பெங்களூரில் அந்தச் சொல் எவ்வளவு மென்மையாக வருகிறதோ அவ்வளவு கோபம் என்று அர்த்தம். நான்காவது மாதம் விற்றுவிட்டேன்.

டிசம்பர் 14

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். என் மகன் படித்துவிட்டு, 'அம்மா, நீ வாங்கியது கிளட்ச் மோட்டார், அதை வைத்து எல்லாவற்றையும் திட்டாதே' என்றான். சரிதான். கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதும் விடாமல் சுழலும், மின்சாரமும் குடிக்கும். இப்போது வருகிற சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். அவன் நண்பனின் மனைவி நாகவாராவில் அப்படி ஒன்று வைத்திருக்கிறாள். இன்று ஞாயிறு, போய்ப் பார்த்தேன். கால் வைத்தபோது பூனை நடப்பதுபோல் ஆரம்பித்தது. எனக்குப் பொறாமை வந்தது என்பதை மறைக்கவில்லை.

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பிளவுஸ் தைப்பவர்கள், தரைத்தளத்தில் இருப்பவர்கள் யோசிக்கலாம். மாடி வீட்டுக்கு இன்னமும் வேண்டாம் என்பேன், ஆனால் முன்புபோல் உரக்கச் சொல்லமாட்டேன்.

டிசம்பர் 18

'மத்திய அரசு இலவசமாகத் தையல் மெஷின் தருகிறதாமே' என்று மூன்று பேர் ஒரே இணைப்பை அனுப்பியிருக்கிறீர்கள். அதைத் தொடாதீர்கள். அந்தப் பெயரில் சுற்றும் செய்தி போலி என்று அரசுத் தரப்பே முன்பே மறுத்திருக்கிறது.

உண்மையில் இருப்பது 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம். 18 கைத்தொழில்களில் தையலும் ஒன்று. பதிவு செய்து, சரிபார்ப்பு முடிந்து, சில நாள் அடிப்படைப் பயிற்சிக்குப் போனால் நாளுக்கு 500 ரூபாய் படி, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை மின்னணு வவுச்சர். விரும்பினால் 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் வரை கடன். குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அரசு ஊழியர் குடும்பத்துக்குக் கிடையாது. பொதுச் சேவை மையத்தில் ஆதாரோடு போய்ப் பதிய வேண்டும். பொங்கலுக்குள் கைக்கு வந்து சேரும் என்று தம்பி கணக்குப் போட வேண்டாம்.

டிசம்பர் 19

வேலை குறைவு. கொஞ்சம் கதை.

எந்திரம் என்றாலே சந்தேகப்பட்ட காந்தி, 1924-இல் சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தவிப்பதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். 1851-இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கருக்கு மனைவி என்று ஒருவர் மட்டும் இல்லை. பிள்ளைகள் இருபதுக்கும் மேல். அத்தனை பேருக்கும் கையால் துணி தைக்க முடியாது என்று பயந்துதான் மெஷின் செய்திருப்பார் என்பது என் ஆராய்ச்சி.

இன்னொன்று. ஜனோமே என்ற ஜப்பான் தையல் மெஷின் கம்பெனியின் பெயருக்குப் பொருள் பாம்பின் கண். அடிநூல் சுற்றும் வட்ட பாபினைப் பார்த்து வைத்த பெயர். ஒரு 'ம்' விட்டுவிட்டால் தமிழிலும் பாபின் கண்தான்.

டிசம்பர் 21

பாபின் என்றதும் நினைவு வந்தது. துணியின் அடிப்பக்கம் நூல் குருவிக்கூடுபோல் சுருண்டால் எல்லோரும் பாபினைக் கழற்றித் திட்டுகிறோம். குற்றம் மேல்நூலில். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காரவில்லை. துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே விடும். இறக்கி வைத்துக் கோர்த்தால் மேலேயே தங்கிவிடும். இதை நான் கற்றுக்கொண்டது தொழிலுக்கு வந்து ஒன்பதாவது வருடத்தில். யாரிடமும் சொல்லவில்லை இதுவரை.

டிசம்பர் 28

தம்பி அம்மாவை ஒருவழியாகக் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அவர் எழுதியதிலிருந்து:

கறுப்புத் தலையை அம்மா தடவிப் பார்த்தாராம். 'நன்றாக இருக்கிறது' என்றாராம். பிறகு வெள்ளை ஜிக்ஜாக் மெஷின் முன்னால் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு சிந்தெடிக் புடவையின் முந்தானையை எடுத்து, 'இதில் பீக்கோ போட்டுக் காட்டு' என்றாராம். புடவை ஓரம் பிரியாமல் ஜிக்ஜாக்கில் அடைத்துத் தைப்பதுதான் பீக்கோ. கடைப் பையன் போட்டதும், எழுந்திரு என்று சொல்லி, தானே ஒரு முழம் போட்டாராம்.

அம்மா சொன்ன காரணம்: ஃபால்ஸ், பீக்கோ கேட்டு வருகிற புடவைகளை இத்தனை வருடமாக வெளியே கொடுத்து வாங்குகிறார். வருகிற காசில் பாதி அங்கேயே போகிறது. போக வர ஆட்டோ வேறு. இடது முழங்கால் இரண்டு வருடமாக மிதிக்கவிடவில்லை, மகனிடம் சொல்லவில்லை.

தம்பி, 7-ஆம் தேதி நான் எழுதிய தீர்ப்பை எடுத்து ஓரமாக வைத்துவிடு. 'அம்மாவிடம் கேட்டாயா' என்று உன்னைக் கேட்டவள், உன் அம்மாவுக்கு என்ன வேலை வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் கறுப்புத் தலையை மாட்டிவிட்டேன். பிளவுஸ் என்றாய், உடனே என் பிளவுஸை நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்: அது வீட்டு மெஷின். ஒரே மூச்சில் பத்துப் புடவை ஓட்டினால் மோட்டார் சுடும். இரண்டு மூன்று புடவைக்கு ஒருமுறை கை வைத்துப் பார்த்து ஆறவிடச் சொல். பீக்கோ ஃபுட் பெட்டியிலேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று பணம் கட்டும் முன் பார். அந்த மெஷினுக்கான பாபினை மட்டுமே போட வேண்டும். பழைய பாபின்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உயரம் மாறினால் சிக்கிக்கொள்ளும்.

2026 ஜனவரி 17

படம் பார்த்தேன். பழைய கறுப்புத் தலையைக் கழற்றாமல் பலகைக்குள் மடக்கிவிட்டு, மேலே புது மெஷினை உட்காரவைத்திருக்கிறார் உன் அம்மா. காயலான் கடைக்காரன் ஏமாந்தான். பலகையின் ஓரத்தில் ரப்பர் விரிப்பு போட்டிருப்பதும் நல்லது, அதிர்வு கீழே போகாது.

என் மெஷினுக்கு பாய் ஷட்டில் தடத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். 650 ரூபாய். இன்னும் சில வருடம் ஓடும்.

அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல் தம்பி. ஒரு புடவைக்கு ஃபால்ஸும் பீக்கோவும் சேர்த்து எவ்வளவு வாங்குகிறார்? என்னிடம் பொங்கலுக்கு வந்த புடவை ஆறு கிடக்கிறது. எனக்குப் போட்டுத் தருகிறவள் ஊருக்குப் போய் இன்னும் திரும்பவில்லை.